பனிமலை ஏரிக்கு அடியில் ஓர் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்கு ஊர்களைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையில் பிரான்சு நாட்டின் தீஞ் என்னும் ஊருக்கு நிறைய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய படத்தின் கீழே, அது மலைகளுக்கு நடுவே அமைந்த ஓர் இயற்கை ஏரி என்ற பொருளில் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. அந்தப் படத்தில் இருப்பது இயற்கை ஏரி அன்று. ஈசேர் ஆற்றை மறித்து 1952-இல் நீர் தேக்கப்பட்ட ஷெவ்ரில் நீர்த்தேக்கம் அது. தீஞ் என்ற பெயரை முதலில் தாங்கிய ஊர் அந்த நீரின் அடியில் இருக்கிறது. இயற்கை ஏரி ஒன்றும் அங்கே உண்டு. அது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், இன்றைய விடுதிகளுக்கு நடுவில் இருக்கும் சிறிய ஏரி. நீர்த்தேக்கமோ அதற்கு ஏறத்தாழ 300 மீட்டர் கீழே இருக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

வேறு நாட்டு ஏரி ஒன்றைப் பற்றிய படவிளக்கத்தில் நேர்ந்த பிழைதானே என்று இதை விட்டுவிடலாம். அணை நீரால் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த டெல்டாக்காரனுக்கு அப்படி விட மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்த பழக்கமும் சேர்ந்துகொண்டதால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பிரான்சின் தென்கிழக்கில், இத்தாலி எல்லையை ஒட்டி, சவோய் மாவட்டம் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் தாரன்தேஸ் எனப்படும் நீண்ட பள்ளத்தாக்கின் வழியே ஈசேர் ஆறு இறங்குகிறது. எல்லைப்புறத்துப் பனியாறுகளில் பிறந்து, வால் தீசேர் என்ற ஊரைக் கடந்து, 286 கிலோமீட்டர் ஓடி, வலான்ஸ் நகருக்குச் சற்று வடக்கே ரோன் ஆற்றில் அது கலக்கிறது. வால் தீசேரில் இருந்து சில கிலோமீட்டர் கீழே வந்தால், கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், ஆறு சற்று நிதானித்து ஓடும் ஒரு சமதரை இருந்தது. வடமேற்கே 3,779 மீட்டர் உயரமுள்ள மோன் பூரி, தென்மேற்கே 3,650 மீட்டருக்கு மேல் எழும் கிராந்த் மோத், வடகிழக்கே 3,747 மீட்டர் கொண்ட கிராந்த் சாசியேர் என்று சுற்றிலும் மலைகள். சமதரை முடியும் இடத்தில் இரு பக்கப் பாறைகளும் நெருங்கி வந்து, ஆற்றை ஒரு குறுகிய இடுக்கின் வழியே கீழே தள்ளின. கழுத்துக் குறுகிய செம்பைப் போன்ற இந்த நில அமைப்பே அந்த ஊரை வாழவைத்தது. பின்னர் அதன் முடிவுக்கும் இதுவே காரணமாயிற்று. அணை கட்டுவோர் தேடி அலைவது இப்படிப்பட்ட இடத்தைத்தான்: அகன்ற வயிறு, ஒடுங்கிய வாய், இரு புறமும் உறுதியான பாறை.

மலையூர் என்றதும் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் வீடுகளை நாம் கற்பனை செய்கிறோம். பழைய தீஞ் கிராமத்தின் செல்வம் சரிவில் இல்லை, ஆற்றங்கரைப் புல்வெளியில் இருந்தது. ஆண்டில் ஏறத்தாழ பாதிக் காலம் பனி மூடிக் கிடக்கும் அந்த உயரத்தில் வாழ்க்கை மாட்டை நம்பியே நடந்தது. கோடையில் மாடுகளை உயரத்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே பால் கறந்து, பெரிய சக்கரங்களாகப் பாலாடைக்கட்டி செய்தார்கள். இன்று உலகச் சந்தையில் பொஃபோர் என்ற பெயரில் விற்கும் பாலாடைக்கட்டி இந்த மலைப்பகுதிகளுடையது. செம்பழுப்பு நிறமும் கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருமையும் கொண்ட தாரீன் மாட்டினம் தாரன்தேஸ் பள்ளத்தாக்கிலிருந்தே பெயர் பெற்றது. ஆனால் கோடையில் எத்தனை மாடுகளை மேய்க்க முடியும் என்பதைக் குளிர்காலமே தீர்மானித்தது. கொட்டிலில் கட்டிய மாட்டுக்கு மாதக்கணக்கில் போட வேண்டிய உலர்ந்த புல், ஆற்றங்கரைச் சமதரையில் அறுத்துக் காயவைத்துச் சேர்த்ததாகவே இருக்க வேண்டும். அந்தச் சமதரை போனால் உயரத்து மேய்ச்சல் நிலம் எவ்வளவு மிஞ்சினாலும் பயன் இல்லை. வீட்டுக்கு ஈடாக வீடு, ஏக்கருக்கு ஈடாகப் பணம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்த உறவு புரிந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. நஞ்சையை எடுத்துக்கொண்டு, வீடும் களமும் மேட்டுத் திடலும் உங்களுக்கே இருக்கட்டும் என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் என்ன பொருளோ, அதே பொருள்தான் அங்கும்.

அரசியல் வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சவோய் நெடுங்காலம் பிரான்சின் பகுதியாக இருக்கவில்லை. சவோய் மரபு அரசர்களின் கீழ், பின்னாளில் சார்தீனிய முடியரசின் பகுதியாக, அது ஆல்ப்ஸின் இரு புறத்தையும் இணைக்கும் நாடாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1792-இல் பிடித்த அப்பகுதி 1815-இல் திரும்ப அளிக்கப்பட்டது. இத்தாலிய ஒருங்கிணைப்புக்கு மூன்றாம் நெப்போலியன் செய்த உதவிக்குக் கைம்மாறாக, 1860-இல் மக்கள் வாக்கெடுப்புடன் அது நிரந்தரமாகப் பிரான்சில் சேர்ந்தது. டெல்டாவில் இருந்து பார்க்கும்போது இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் காரைக்கால் 1739-இலேயே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவே ஆங்கிலேயர் சில முறை பிடித்துக்கொண்டாலும், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு மாறும் வரை பிரெஞ்சு ஆட்சியே அங்கு நடந்தது. ஆக, பிரெஞ்சுத் தொடர்பில் தீஞ் கிராமத்தைவிட அரசலாற்றங்கரைக் காரைக்கால்காரர்களே மூத்தவர்கள். 1952-இல் தீஞ் நீரில் மூழ்கியபோது அங்கும் காரைக்காலிலும் பறந்தது ஒரே மூவண்ணக் கொடிதான்.

ஈசேர் ஆறு மின்சார வரலாற்றில் முன்பே இடம் பெற்ற ஆறு. அதன் கீழ்ப்பள்ளத்தாக்கில், கிரெனோபிள் நகருக்கு அருகில் உள்ள லான்சே என்னும் இடத்தில், அரிஸ்தீட் பெர்ழெஸ் என்பவர் 1869-இல் மலையிலிருந்து குழாய் வழியே நீரை இறக்கித் தம் காகித ஆலையின் இயந்திரங்களை ஓட்டினார். 1889-ஆம் ஆண்டின் பாரீஸ் உலகக் கண்காட்சியில் மலைப்பனிக்கு அவர் வெள்ளை நிலக்கரி என்ற பெயரைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சிடம் கறுப்பு நிலக்கரி போதவில்லை. தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் மின்சாரம் போதவில்லை. 1946-இல் மின் நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு ஒரே அரசு நிறுவனம் உருவானது. மறுசீரமைப்புத் திட்டத்தில் மின்சாரத்துக்கு முதலிடம் கிடைத்தது. போருக்கு முன்பே பொறியாளர்கள் கண் வைத்திருந்த தீஞ் சமதரை அப்போது நாட்டின் தேவையாக அறிவிக்கப்பட்டது.

ஆல்ப்ஸ் ஆறுகளின் நடைமுறை நம் ஆறுகளுக்கு நேர்மாறானது என்பதை இங்கே விளக்க வேண்டும். நமக்கு மழை பெய்யும்போது ஆறு பெருகும். அங்கே குளிர்காலத்தில் விழுவதெல்லாம் பனியாக மலைமேல் உறைந்துவிடுகிறது. ஆறு அப்போது மெலிந்து கிடக்கிறது. வசந்தத்திலும் கோடையிலும் அந்தப் பனி உருகும்போதுதான் வெள்ளம். மின்சாரத் தேவையோ, விளக்கும் கணப்பும் வேண்டிய குளிர்காலத்திலேயே உச்சத்தை அடைகிறது. எனவே கோடையில் உருகி ஓடும் நீரைப் பிடித்து வைத்து, குளிர்காலத்தில் சிறுகச் சிறுக இறக்கிச் சுழலிகளை ஓட்ட ஒரு பெரிய தொட்டி தேவைப்பட்டது. ஷெவ்ரில் நீர்த்தேக்கம் அந்தத் தொட்டி. ஆண்டுதோறும் கோடையின் முடிவில் நிறைந்து, வசந்தத்தின் தொடக்கத்தில் வற்றித் தரை தெரியக் கிடக்கும். அங்கிருந்து சுரங்கக் குழாய்களின் வழியே போகும் நீர், கீழே லெ பிரேவியேர் மின் நிலையத்தையும், பின்னர் பூர்-சேன்-மொரீஸ் ஊருக்கு அருகில் உள்ள மல்கோவேர் மின் நிலையத்தையும் இயக்குகிறது.

டெல்டா வாசகர்களுக்கு அளவுகளை நம் கணக்கிலேயே தருகிறேன். தீஞ் அணை அடித்தளத்தில் இருந்து 180 மீட்டர் உயரம். அன்றைய ஐரோப்பாவின் மிக உயரமான அணைகளில் ஒன்று. அது தேக்குவது சுமார் 23 கோடி கன மீட்டர் நீர், அதாவது ஏறத்தாழ 8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நம் மேட்டூர் அணையின் அதிகபட்ச உயரம் 214 அடி. மீட்டரில் 65 அளவே. ஆனால் அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள அணை பதினோரு மடங்குக்கு மேல் நீரைத் தேக்குகிறது. இதில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்பதில்லை. மின்சாரம் எடுக்க வேண்டியவனுக்கு நீர் எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறது என்பது முக்கியம்; பயிருக்குப் பாய்ச்ச வேண்டியவனுக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே முக்கியம். ஆகவே அங்கே பாறை இடுக்கில் மெல்லிய வளைவாக ஒரு சுவரை எழுப்பினார்கள். இங்கே 5,300 அடி நீளத்துக்குக் கருங்கல் கட்டுமானத்தை நேராக நிறுத்தி, அதன் எடையாலேயே நீரைத் தாங்க வைத்தார்கள். அகன்ற நீர்ப்பரப்பு என்றால் மூழ்கும் நிலமும் அகன்றது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மேட்டூர் நிறைந்தால் நீர் பரவும் பரப்பு சுமார் 59 சதுர மைல்.

தீஞ் அணையை வடிவமைத்தவர் வளைவு அணைகளில் பெயர் பெற்ற ஆந்த்ரே குவான். (அவர் வடிவமைத்த இன்னொன்றான மல்பாசே அணை 1959 டிசம்பர் 2 அன்று உடைந்து, தென் பிரான்சில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீஞ் அணைக்கு நேர்கீழே குடியிருந்த லெ பிரேவியேர் மக்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.) ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கட்டுமானத்தில் ஈடுபட்டனர், அவர்களில் வேறு நாடுகளில் இருந்து வந்தவர்கள் நிறைய. வேலையின்போது உயிரிழந்தவர்களும் உண்டு. ஊர்க்காரர்கள் தொடக்கம் முதலே எதிர்த்தார்கள். மனு எழுதினார்கள், வழக்காடினார்கள், இழப்பீட்டை மறுத்தார்கள். தங்கள் கண்ணுக்கு எதிரே சுவர் உயர உயர, அது முடிவடையாது என்றே சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொத்தம் சில நூறு பேர். எதிரே நின்றது, போரில் நொறுங்கி, ஒவ்வொரு கிலோவாட்டையும் எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாடு. எந்தப் பக்கத்தையும் நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன்.

1952 மார்ச்சில் அணையின் மதகுகள் அடைக்கப்பட்டன. நீர் ஏறத் தொடங்கிய பிறகும் வெளியேற மறுத்தவர்களைக் கலகத் தடுப்புப் போலீசாரைக் கொண்டு வெளியேற்றினார்கள். கல்லறைத் தோட்டம் தோண்டப்பட்டு, இறந்தவர்களின் எச்சங்கள் மேட்டிலுள்ள புதிய இடத்துக்கு மாற்றப்பட்டன. வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. புனித யாக்கோபுவின் பெயரில் இருந்த பங்குக் கோயிலும் அவ்வாறே தகர்க்கப்பட்டது. அதற்கு முன் அதன் பழைய மரச்சிற்பப் பீடங்கள் கழற்றி எடுத்துவைக்கப்பட்டன. 1953 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் வென்சான் ஒரியோல் அணையைத் திறந்துவைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால், உலகில் எத்தனையோ அணைகளின் கதையில் இதுவும் ஒன்று என்று சொல்லிவிடலாம். தீஞ் வேறுபடுவது இதற்குப் பிறகு நடந்ததில்தான் என்று கருதுகிறேன். அணைக்கு அருகில் லெ புவாஸ் என்ற இடத்தில் புதிய குடியிருப்பு எழுந்தது. அங்கே மூழ்கிய கோயிலின் வடிவத்தை ஒத்த கோயிலைக் கட்டி, எடுத்துவைத்த பழைய பீடங்களையே அதனுள் நிறுத்தினார்கள். பெரும்பாலோர் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி ஊர்களுக்கும் நகரங்களுக்கும் சிதறிப் போனாலும், எஞ்சியவர்கள் ஊராட்சியையும் அதன் பெயரையும் கைவிடவில்லை. புல்வெளி போய்விட்டது, மாடு வைத்துப் பிழைக்க வழியில்லை. மேலே, இயற்கை ஏரியின் கரையில், அதுவரை பெரும்பாலும் கோடை மேய்ச்சலுக்குப் பயன்பட்ட நிலத்தில், பனிச்சறுக்கை நம்பி ஓர் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். தங்கள் கட்டுரையாளர் தங்கியிருந்த விடுதிகள் யாவும் அப்படி எழுந்தவை. 1992-இல் அல்பேர்வில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது சாகசப் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. அந்தக் கட்டடங்கள் அழகானவை என்று நான் சொல்ல மாட்டேன். மலைச்சரிவில் நகரத்து அடுக்குமாடிகளைக் கொண்டு வந்து வைத்தது போல இருக்கின்றன. ஆனால் அகதியானவன் கட்டிய வீட்டில் அழகு பார்ப்பது முறையாகாது.

அணையைப் பரிசோதிப்பதற்காகப் பத்தாண்டுக்கு ஒரு முறை நீர்த்தேக்கத்தை முழுதும் வடிக்கும் வழக்கம் இருந்தது. அப்போதெல்லாம் சேற்றுக்கு நடுவே பழைய ஊரின் அடிச்சுவர்களும் பாலமும் தெருத் தடங்களும் வெளியே தெரியும். அங்கே பிறந்தவர்கள் வந்து, இது எங்கள் வாசல், இது பள்ளிக்கூடம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். 2000-ஆம் ஆண்டில் கடைசியாக முழுதும் வடித்தார்கள்; அதற்குப் பிறகு நீரை வடிக்காமலே கருவிகளைக் கொண்டு பரிசோதிக்கிறார்கள். அணையின் வெளிச்சுவரில் 1989-இல் ழான்-மரி பியெரே என்ற ஓவியர் தீட்டிய மாபெரும் உருவம் ஒன்று உண்டு. அணையையே முதுகால் தாங்கும் ஒரு வீரனின் உருவம். வெயிலிலும் பனியிலும் அது மங்கிவருகிறது. ஊர் மாறித் தேடிக்கொண்ட பனிச்சறுக்குப் பிழைப்பும் நிலையானது அன்று. கிராந்த் மோத் பனியாற்றின் மேல் ஒரு காலத்தில் கோடையிலும் சறுக்கினார்கள். வெப்பம் கூடிப் பனியாறு பின்வாங்க, கோடைச் சறுக்கு நாட்கள் சுருங்கிவருகின்றன. ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டாவது முறையாக அந்த ஊர் தன் பிழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டிவரலாம்.

இனி நம் பக்கம். நான் எழுதுவது ஒரத்தநாட்டில் இருந்து. எங்கள் வட்டம் பழைய காவிரிப் பாசனத்தைச் சேர்ந்தது அன்று. கரிகாலன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் உரிமை திருவையாற்றுக்காரர்களுக்கும் கும்பகோணத்துக்காரர்களுக்கும் உண்டு. எங்கள் முன்னோர் வானம் பார்த்த பூமியில் கேழ்வரகும் வரகும் கடலையும் போட்டவர்கள். மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கல்லணையில் இருந்து புதிதாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஓரமாகத் தெற்கே இறங்கி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் நீரைக் கொண்டுவந்த பிறகே எங்கள் புஞ்சை நஞ்சையானது. அரசுப் பதிவில் அது கல்லணைக் கால்வாய். எங்களுக்கு இன்றும் புதாறுதான். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் அந்தப் புதாற்று நீர், 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை இல்லாமல் வந்திருக்காது. பழைய டெல்டாவாவது மேட்டூருக்கு முன்பும் டெல்டாதான். நாங்கள் முழுக்க முழுக்க அந்த அணையின் பிள்ளைகள்.

அந்த அணைக்காக மூழ்கிய ஊர்களும் உண்டு. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தலை காட்டுகின்றன. அப்போது தங்கள் நாளிதழ் உள்பட எல்லா இதழ்களும் படம் வெளியிடுகின்றன. அந்தப் படங்கள் பெரும்பாலும் வறட்சியின் அளவுகோலாகவே வருகின்றன: நந்தி தெரிகிறது, ஆகவே குறுவைக்கு நீர் வராது என்பது செய்தி. நந்திக்கு எதிரே விளக்கேற்றியவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், எங்கே போனார்கள் என்று அந்தச் செய்தி கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஜூன் 12 அன்று அணை திறக்கும்போது மதகில் மலர் தூவப்படுகிறது. கல்லணையில் நெல்லும் மலரும் தூவி வரவேற்கிறோம். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விட்டுக் காவிரியை வணங்குகிறோம். ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு உண்டு, பொறியாளர் எல்லிஸின் பெயரைப் படித்தவர்கள் அறிவார்கள். நிலத்தைக் கொடுத்த ஊர்களில் ஒன்றின் பெயரை எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. மேலே கர்நாடகத்தில், கண்ணம்பாடி என்ற ஊர் கிருஷ்ணராஜ சாகருக்கு அடியில் போனதும் இதே வகையே. அந்த அணையைக் குறித்துக் காலமெல்லாம் வாதாடும் நம்மில் பலருக்கு, கண்ணம்பாடி ஓர் ஊராக இருந்தது என்பது தெரியாது.

அணைகளுக்கு எதிராக நான் எழுதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அணை இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்திருக்காது, எனக்குப் படிப்பும் வந்திருக்காது. தீஞ் மக்களுக்கு நல்லது நடந்தது, நம்மவர்களுக்கு நடக்கவில்லை என்று சொல்வதும் சரியன்று. போலீசாரால் வெளியேற்றப்பட்டதை யாரும் நல்லது என்று சொல்ல மாட்டார்கள். இரு இடங்களின் காலமும் வேறு. 1952-இல் பிரான்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இருந்தார், நிருபர்களும் படக்கருவிகளும் ஊருக்குள் வந்தன, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருந்தது. 1920-களின் சென்னை மாகாணத்தில், காடும் மேடும் சார்ந்த ஊர்க்காரர்களின் குரல் எந்த ஏட்டில் பதிவாகியிருக்கும்? அதனாலேயே, எஞ்சியிருக்கும் பதிவுகளைத் தேடி எடுக்க வேண்டிய பொறுப்பு, மூழ்கியவர்களின் வழிவந்தவர்களை விட, நீரைப் பெற்றவர்களுக்கு அதிகம் என்று கருதுகிறேன்.

பதிவுகள் இல்லாமல் இல்லை. அன்று நடப்பில் இருந்த 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கும் அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டாக வேண்டும். எந்த ஊர், எவ்வளவு பரப்பு என்பதை அதில் சொல்லியாக வேண்டும். எனவே மூழ்கிய ஊர்களின் பெயர்கள் அன்றைய சென்னை மாகாண அரசிதழின் பக்கங்களில் அச்சாகியிருக்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களும் வருவாய்த்துறைக் கோப்புகளும் பாதுகாக்கப்படுகின்றன. தனி ஆள் ஒருவன் ஒரத்தநாட்டில் இருந்து போய்ப் புரட்டுவதைவிட, நிருபர் படை உள்ள ஒரு நாளிதழ் அதைச் செய்வது எளிது. மேட்டூர், கொளத்தூர், பென்னாகரம் பக்கங்களில் குடியேறிய குடும்பங்களில், பாட்டனிடம் கேட்ட செய்தியை வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்பதற்கான காலம் குறைந்துகொண்டே போகிறது.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, வரும் ஞாயிறு இணைப்பில் படவிளக்கத்தைத் திருத்தி, அது ஷெவ்ரில் நீர்த்தேக்கம் என்றும், பழைய தீஞ் கிராமம் அதன் அடியில் உள்ளது என்றும் வெளியிட வேண்டுகிறேன். இரண்டாவது, மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு ஆகியவற்றை ஆண்டு முழுவதும் நாள்தோறும் தாங்கள் வெளியிடுகிறீர்கள். டெல்டாவில் பலர் தலைப்புச் செய்திக்கு முன்பு அதைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த முறை பாசனத்துக்காக அணை திறக்கப்படும் நாளில், அந்த மூன்று எண்களுக்குக் கீழே, நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களின் பெயர்ப்பட்டியலையும் வெளியிட வேண்டுகிறேன். ஆவணக் காப்பகத்தில் பெயர்களைப் படியெடுக்க ஆள் தேவைப்பட்டால், பழைய வருவாய்க் கணக்குகளைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் எங்கள் வட்டத்தில் சிலர் இருக்கிறோம். வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ஒரத்தநாடு, தஞ்சாவூர் மாவட்டம்.